மூணாவது மாடிக்கு ஏத்தின மண்ணு

பெட்ரிகோர்னா இன்னான்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். "காஞ்ச மண்ணுல மழை விழுந்தா ஒரு வாசனை வருமே, அதுக்கு சயின்ஸ்ல வெச்ச பேர் சார். பெட்ரான்னா கல்லு. இகோர்னா தேவர்களோட உடம்புல ஓடுற ரத்தம். கிரீக் வார்த்தை சார்." எட்டு மாசமா மேடவாக்கத்துல நின்னுகினு இதையே ஒப்பிச்சா வராம எங்க போகும்? எங்க முதலாளி மோகன்ராஜ் தான் கட்டின அபார்ட்மென்ட்டுக்கு அந்தப் பேரை வெச்சுட்டார். ஜோசியர் சொன்னாருன்னு முன்னாடி ஒரு ஸ்ரீ வேற. ஸ்ரீ பெட்ரிகோர் என்க்ளேவ். நான் அங்க சேல்ஸ். பேரு பென்னி.

இதுல கூத்து இன்னான்னா, அந்த காம்பவுண்டுக்குள்ள ஒரு பிடி மண்ணு கிடையாது. கேட்டுலேர்ந்து பின்சுவர் வரைக்கும் சிமெண்ட் கல்லு. வரவேற்புல வெச்ச செடிகூட பிளாஸ்டிக். காத்து பள்ளிக்கரணை குப்பைமேட்டுப் பக்கமிருந்து அடிச்சா ஒரு வாசனை வரும்தான், ஆனா அதை நோட்டீஸ்ல போட முடியாது.

சேல்ஸ்ல சேர்றவனுக்கு முதலாளி முதல் நாளே பாடம் எடுப்பார். கஸ்டமர் "இருக்கா"ன்னு கேட்டா "இருக்கு"ன்னு சொல்லணும், "வருமா"ன்னு கேட்டா "கேரண்டி"ன்னு சொல்லணும். அப்படியே சொல்லியும் மூணு மாசமா எனக்கு ஒரு புக்கிங் இல்ல. "இந்த சனிக்கிழமையும் ஒண்ணும் ஆகலைன்னா திங்கக்கிழமை நீ வர வேணாம்"னுட்டார். ஜான்சிக்கு ஏழாவது மாசம். கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு வேலையைத் தொலைச்சவன் நான். மூணாவதும் போச்சுன்னு எந்த மூஞ்சியை வெச்சுகினு பொண்டாட்டிகிட்ட சொல்றது?

வியாழக்கிழமை ஒரு அம்மா போன் பண்ணாங்க. பேரு ஹேமாவதி, கிழக்குத் தாம்பரத்துல ஸ்கூல் டீச்சர். மூணாவது மாடி வீட்டைப் பத்தி எல்லாம் விசாரிச்சுட்டு, கடைசியில கொஞ்சம் தயங்கி, "பெட்ரிகோர்னு பேர் வெச்சிருக்கீங்களே, மழை பேஞ்சா அந்த வாசனை நிஜமாவே வருமா சார்?"ன்னாங்க.

"கேரண்டி மேடம்! பெட்ரூம் வரைக்கும் வரும்!"

"ஓ... சரி, எதுக்கும் நேர்ல வந்து பார்த்துடறேன். சனிக்கிழமை வரேன்."

அந்த "எதுக்கும்" என் மண்டையில ஏறல. ஆள் மடங்கிட்டாங்கன்னு குஷியாயிட்டேன்.

வாக்குக் குடுத்தாச்சு, இப்ப மண்ணுக்கு எங்க போறது? லாரியில மண்ணு லோடு அடிக்கிற அப்பாதுரை அண்ணனைப் புடிச்சேன். "அண்ணே, நல்லா காஞ்ச செம்மண்ணு ரெண்டு மூட்டை வேணும்."

"இன்னாடா, தோட்டம் போடப் போறியா?"

"வாசனை காட்டப் போறேண்ணே."

என்னை ஏற இறங்கப் பாத்தார். "வெயில் ஜாஸ்திதான்"னு சொல்லிட்டுக் குடுத்தார். லிஃப்ட்டுக்கு இன்னும் கரண்ட் வரல. ரெண்டு மூட்டையையும் முதுகுல சுமந்துகினு மூணு மாடி ஏறி, பால்கனி பூரா பரப்பினேன். முதலாளிகிட்ட சொன்னேன். "பலே!"ன்னார்.

சனிக்கிழமை அந்தம்மா கேட்டுல நுழைஞ்சதும் மேல ஓடி, பூவாளியால தண்ணி தெளிச்சேன். வந்துது பாருங்க ஒரு வாசனை! யப்பா! அப்படியே நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

ஹால்ல காலை வெச்ச டீச்சரம்மா சட்டுனு நின்னாங்க. நான் ஆரம்பிச்சேன். "பெட்ரான்னா கல்லு மேடம். இகோர்னா..."

"தெரியும் தம்பி, நான் சயின்ஸ் டீச்சர்." முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. "மண்ணுல இருக்கிற நுண்ணுயிர் உண்டாக்குற பொருள், செடிங்க விட்ட எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஈரம் பட்டதும் கிளம்பும். அதுதான் பெட்ரிகோர். என் பொண்ணு ரோஹிணிக்கு வீசிங் இருக்கு. இந்த வாசனை கிளம்பினாலே மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடும். நாங்க இருக்கிறது தோட்டம் வெச்ச வீடு. வருஷா வருஷம் முதல் மழைக்கு ஆஸ்பத்திரிதான். உங்க போட்டோவுல எல்லாமே சிமெண்ட்டா இருந்துச்சு. இந்தப் பேருதான் இடிச்சுது. அதான் போன்ல கேட்டேன். நீங்க சும்மா சொல்றீங்கன்னு நினைச்சுதான் அட்வான்ஸோட வந்தேன்."

எனக்குக் காதுல ஙொய்னு சத்தம் கேட்டுது. "மேடம், ஐயோ, சும்மாதான் மேடம் சொன்னேன்! இங்க மண்ணே கிடையாது. நான்தான் கொண்டாந்து கொட்டினேன். இதோ பாருங்க, காலி மூட்டை!"

எட்டிப் பாத்தாங்க. மூட்டையைப் பாத்தாங்க, பூவாளியைப் பாத்தாங்க, என் சட்டையில ஒட்டியிருந்த செம்மண்ணைப் பாத்தாங்க. கோவமே வரல அவங்களுக்கு. திட்டியிருந்தா தேவலை.

"இதுக்கே இவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க. அப்போ குடிதண்ணி, கரண்ட் லைன், தூணு... இதெல்லாம் எப்படித் தம்பி நம்பறது?"

"இப்ப சொல்றது சத்தியம் மேடம். பைபிள் மேல வேணா..."

"வேண்டாம்பா"ன்னாங்க. மூக்கைப் பொத்தின கையை எடுக்காமலே படியிறங்கிப் போனாங்க.

அரை மணி நேரத்துல முதலாளி போன். "புக்கிங்கா?"

"போய்ட்டாங்க சார். அவங்களுக்கு வாசனையே..."

"பத்தலியா? எப்படிடா பத்தும்? ரெண்டு மூட்டையில கஞ்சத்தனம் பண்ணியிருக்கே! திங்கக்கிழமை உன் இடத்துக்கு ஷ்யாம்சுந்தர்னு புதுசா ஒருத்தர் வரார். ஒரு லோடு இறக்கி, எல்லா பால்கனியிலயும் கொட்டச் சொல்றேன். நீ சாவியை செக்யூரிட்டிகிட்ட குடுத்துட்டுக் கிளம்பு."

சாவியைக் குடுத்தேன். பஸ் ஸ்டாப்புல நின்னுகினு ஜான்சிக்குப் போன் போட்டேன்.

"இன்னாய்யா, புக்கிங் ஆச்சா?"ன்னா.

"ஆச்சு"ன்னேன்.