தலை எண்ணிக்கை

தீர்த்தமலை உச்சியில் வெளிச்சம் விழுமுன்பே கல்குவாரிப் பள்ளத்தில் கம்ப்ரசர் உறுமத் தொடங்கிவிட்டது. மதியழகன் துளைக்கருவியைத் தொடையில் முட்டுக்கொடுத்து அழுத்தினான். கல்லின் நடுக்கம் பல்வரை ஏறியது. முகத்தில் கட்டிய துண்டையும் மீறித் தூசி தொண்டையில் கரித்தது.

சற்றுத் தள்ளி, பாறையை அறுக்கும் வைரக்கம்பி கிரீச்சிட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது தேய்ந்துவிட்டதென்று கூடவேலை செய்யும் சென்றாயன் பலமுறை சொல்லியாயிற்று. "இந்தக் கல்லு எறங்கட்டும், மாத்திக்கலாம்" என்பதே சூபர்வைசர் மாதேஷின் பதில்.

கம்பி அறுந்தது. சாட்டையாய்ச் சுழன்று, அருகில் வேலையிலிருந்த காளியப்பனின் முழங்காலுக்குக் கீழே வெட்டியது. அவன் கத்தவில்லை. தன் கால் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சாய்ந்தான். கல்பொறுக்கும் ராமக்காள் முந்தானையைக் கிழித்து அவன் தொடையை இறுக்கினாள். வெள்ளைத் தூசியில் ரத்தம் சேறானது.

ஆம்புலன்ஸ் போனதும் முதலாளி சொன்னார்: "அந்தக் கம்பியக் கழட்டி ஜீப்புல போடுங்க."

மதியழகன் கம்பியின் மேல் உட்கார்ந்துகொண்டான். "போலீஸ் வந்து பாக்கட்டுங்க."

"முகாம்ல படுக்க எடம் குடுத்தா, இங்க வந்து சட்டம் பேசறியா? அகதிதானடா நீ? ஒரு கேஸ் போதும் உனக்கு" என்றார் முதலாளி.

மாதேஷ் இரும்புக் குழாயால் அடித்தான். உதடு பிளந்தது. மறுபடி ஓங்கியபோது மதியழகன் அவனைத் தள்ளினான். சென்றாயனும் ராமக்காளும் குழாயைப் பிடுங்கி எறிந்தார்கள். மற்றவர்கள் ஓடிவருவதற்குள் கம்பி ஜீப்பில் போனது. மாதேஷை அடித்ததாக வழக்கு மூவர்மேல் வந்தது.

முதல் விசாரணைநாள். கோர்ட் வாசலில் முதலாளி நின்றிருந்தார்.

"மூணு பேரும் ஒத்துக்குங்க. அபராதத்த நான் கட்டறேன். மத்தியானமே வேலைக்கு வந்துரலாம்."

சென்றாயன் தலையசைத்தான். "சேவக்கட்டுக் கேசுல நானும் அப்படித்தான் செஞ்சேன், மதி. டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிரும்."

மதியழகனின் மனைவி யுவராணி குறுக்கிட்டாள். "அண்ணே, உங்களுக்கு அது அபராதத்தோட போவும். இவரு இங்கயே பொறந்தாலும் சிலோன்காரர்தான். தண்டனைன்னு ஒரு வரி விழுந்தா கியூ பிராஞ்ச் போலீஸ் வந்து நிக்கும். குடியுரிமைக்குக் குடுத்த மனுவும் அதோட போச்சு. சிறப்பு முகாமுன்னு கொண்டுபோய் அடைச்சுட்டா எப்ப விடுவாங்கன்னு எங்கட சனத்துல யாருக்குமே தெரியாது."

முதலாளி சிரித்தார். "அவ்வளவு பயமிருந்தா, காளியப்பன் குடிச்சிட்டுக் கம்பிகிட்டப் போனான்னு சொல்லச் சொல்லு. கேசையே வாபஸ் வாங்கிக்கறேன்."

தையல் போட்ட உதட்டை மெல்ல அசைத்து மதியழகன் சொன்னான்: "அவன் அன்னிக்கு டீகூடக் குடிக்கலீங்க."

ராமக்காள் சென்றாயன் பக்கம் திரும்பினாள். "நாம ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா இவன் சொல்றது பொய்யின்னு ஆயிரும்."

"இல்லேன்னா வருசக்கணக்கா வாய்தாவுக்கு நடக்கோணும், அக்கா."

"நட. உனக்குத்தான் ரெண்டு காலு இருக்குதே."

பெயர் கூப்பிட்டதும் சென்றாயன் முன்னால் நடந்தான்.

உள்ளே, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கப்பட்டது. முதல் குரல் அவனுடையது. "இல்லீங்க." ராமக்காளும் மதியழகனும் அதையே சொன்னார்கள். வழக்கு தள்ளிவைக்கப்பட்டது.

"நாளைக்கு உங்க மூணு பேருக்கும் வேலையில்ல" என்றார் முதலாளி.

"கம்பி மாத்தாம ஒருத்தரும் எறங்கறதா இல்லீங்க" என்றாள் ராமக்காள். அவள் பின்னால், கோர்ட்டுக்கு வந்திருந்த குவாரி ஆட்கள் எல்லோரும் நின்றார்கள்.

மாலையில், மதியழகன் இருக்கும் அணைக்கட்டு அகதி முகாமில் வழக்கமான தலை எண்ணிக்கை. வரிசையில் விரலை நீட்டி எண்ணிவந்த காவலர் மதியழகனைத் தாண்டியதும் நின்றுவிட்டார். அங்கே சென்றாயன், ராமக்காள், தலைமுடியில் கல்தூசியோடு இன்னும் பலர்.

"நீங்கல்லாம் யாருய்யா?"

"குவாரி ஆளுங்க சார்."

"இங்க என்ன வேலை?"

"எங்களையும் எண்ணிக்குங்க சார்" என்றான் சென்றாயன். "நாளைக்கு இவன் ஒருத்தன் கொறைஞ்சா, கேட்டு வர்றது எத்தன பேருன்னு உங்களுக்குத் தெரியோணுமில்ல."

காவலரின் விரல் அந்தரத்தில் நின்றது. யாரும் வரிசையை விட்டு விலகவில்லை.