வீடு திரும்பாத ஜி செவன்

"ரெண்டு காந்தாரத்தையும் ஒரே நேரத்துல மீட்டுறியே, என் காது என்ன குப்பைத்தொட்டியா?"

"அக்கா, அது காந்தாரம் இல்ல, ஷார்ப் நைன்னு ஒரு ஜாஸ் சுரம்..."

"சின்னதும் பெருசும் சேர்ந்து கேக்குதுடா! இதுக்கு நான் வயலின் வாசிக்க மாட்டேன். சாயங்காலம் நீயே தனியாப் போ."

சித்தார்த் கிடாரை மடியில் சாய்த்தான். தில்லை நகரில் புதிதாகத் திறந்த ஓட்டலில் இன்று இருவரும் வாசித்துக் காட்டினால்தான் வாராவாரம் கச்சேரி. கிடாரோடு அவன் மட்டும் போய் நின்றால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

"சரி, சலநாட்டை ராகத்துல அந்தச் சின்ன காந்தாரத்தை நீ என்னன்னு சொல்லுவே?"

யமுனா வில்லை இறக்கினாள். "ஷட்ஸ்ருதி ரிஷபம். பெரிய காந்தாரம் பக்கத்துலயே இருக்கே."

"ஜாஸ்லயும் அதே கதைதான். பெரிய காந்தாரம் உள்ள உக்காந்திருக்கு, அதனால இதுக்குப் பேரு ஷார்ப் நைன்."

"பேரு இருக்கட்டும். இவ்வளவு குடைச்சல் எதுக்கு?"

"குடையறதுதான்க்கா இந்த ஜி செவன் சுரக்கூட்டோட வேலை. அது குடைஞ்சாத்தான், அடுத்து வர்ற சி மேஜர் வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். கேளு."

ஜி செவனை ஓங்கி மீட்டினான். யமுனா மூச்சைப் பிடித்துக்கொண்டு சி மேஜருக்காகக் காத்திருந்தாள். அவனோ கிடாரை உறையில் போட்டு, வாசலுக்குப் போய் ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

"மிச்சம் தில்லை நகர்லக்கா!"

யமுனா வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சித்திரை வீதியே திரும்பிப் பார்த்தது.

"டேய், அதை முடிச்சுட்டுப் போடா!"