நீலக் குடைப் பிரதி

குடையின் நிறத்தை மாற்றும் யோசனை என்னுடையதுதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

நான் ஒரு சின்னப் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். பத்தொன்பது வருடமாக ஒற்றெழுத்துகளோடு மல்லுக்கட்டி, பக்கத்து வீட்டுக்காரி பேசினால்கூட மனதுக்குள் திருத்திக்கொண்டிருப்பேன். எங்கள் போன நாவல் கடைக்கு வருவதற்கு மூன்று நாள் முன்பே பிடிஎஃப் ஆகி, கண்டவர் போனுக்கெல்லாம் போய்விட்டது. அச்சடித்த கட்டுகள் இன்னும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. டீ குடித்த டம்ளர்களை அவற்றின் மேல்தான் வைக்கிறோம்.

அடுத்த நாவலுக்கு முதலாளி ஒரு பூட்டு மென்பொருள் வாங்கினார். கடவுச்சொல் இல்லாமல் கோப்பு திறக்காது. திறந்தாலும் நகலெடுக்க விடாது.

"ஸ்க்ரீனை அப்படியே போன்ல படம் பிடிச்சா உங்க பூட்டு என்ன சார் பண்ணும்?" என்றேன்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

சொன்னேன். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பெண் நீலக் குடையோடு பஸ்ஸிலிருந்து இறங்குவாள். ஒவ்வொருவருக்கும் போகும் பிரதியில் அந்தக் குடைக்கு ஒவ்வொரு நிறம் வைத்துவிடுவோம். எது வெளியே வருகிறதோ, அந்த நிறக்காரர்தான் ஆள். முதலாளிக்குக் கறுப்பு, அட்டை ஓவியருக்குச் சிவப்பு, எழுத்தாளருக்குப் பச்சை. எழுதியவருக்கே தெரியாதா என்று முதலாளி கேட்டார். எழுதி முடித்ததை அவர் திரும்பிப் பார்க்கிற ஜாதி இல்லை என்றேன்.

மிச்சம், பக்கம் வடிவமைக்கிறவர். ஒரு கோடு மயிரிழை சாய்ந்தாலும் சோறு இறங்காது அவருக்கு. அதனால் எல்லோருக்கும் அவர் 'கோடு'. அவர் கையில் இருப்பது அச்சுக்குப் போகும் மூலக் கோப்பு. அதில் கைவைக்க முடியாது, பூட்டும் போட முடியாது. ஆகவே நீலம் கோடுக்கு.

நாலு பேர், நாலு நிறம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முதலாளியின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

வெளியீட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நாவல் வெளியே வந்துவிட்டது. முதலாளியின் போனிலேயே வந்து நின்றது. நான் ஏழாம் அத்தியாயத்துக்குப் போய்ப் பார்த்தேன். "நீலம்," என்றேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்.

'கோடு'வை உள்ளே கூப்பிட்டார் முதலாளி. சீட்டைக் காட்டினார். கோடு அதை வாங்கி, வழக்கம்போல முதலில் நேராக வைத்துவிட்டுத்தான் படித்தார்.

"மூலத்துல இருந்த நிறமே நீலம்தானே," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மூலம் வேற யார்கிட்டயாவது இருக்காக்கா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "என்னைச் சொல்றீங்களா?"

"இல்லைக்கா. சும்மா கேட்டேன்."

"பொறி வச்சதே அவங்க. அவங்களே போய் அதுல விழுவாங்களா?" என்றார் முதலாளி.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. முதலாளி மற்ற பதிப்பகங்களுக்கும் அச்சகங்களுக்கும் வரிசையாகப் போன் போட்டு, இன்ன ஆளை நம்பாதீர்கள் என்றார். கோடு கைக்குட்டையால் கணினித் திரையைத் துடைத்தார், நாற்காலியில் போட்டிருந்த தன் மெத்தையை எடுத்துக்கொண்டார். என் மேஜையருகே நின்றார்.

"வியாழக்கிழமை அண்ணனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணுமே. படியிறக்க ஆள் இருக்காக்கா?"

"பாத்துக்கறேன்," என்றேன், தலை நிமிராமல்.

என் அண்ணனுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து நாலு வருடமாகிறது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாதம் ஒரு தடவை கோடுதான் வந்து அவனை முதுகில் சுமந்து இறக்குவார். "தம்பி, உன் முதுகு மட்டும் எப்படிப்பா இவ்வளவு நேரா இருக்கு?" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அண்ணனுக்கு உலகம் என்றால் என்னுடைய டேப்லெட்தான். சனி ஞாயிறு நான் அதில் வேலை பார்ப்பேன். மற்ற நாள் அவனிடம் இருக்கும். பேசுவது, படிப்பது எல்லாம் அதில்தான், தனியாகப் போன்கூட இல்லை. அதைத் திறக்கும் எண் அவனுடைய பிறந்த தேதி. அவனையும் சேர்த்து, வீட்டைவிட்டு நகர முடியாத பதினோரு பேர் ஒரு குழு வைத்திருந்தார்கள். கிடைத்த பிடிஎஃபையெல்லாம் மாற்றிக்கொள்வார்கள். இதை வைத்து எங்களுக்குள் தினமும் சண்டை.

"நீங்க பண்றது திருட்டு," என்பேன்.

"நூலகத்துல ஒரு புத்தகத்தை நூறு பேர் படிச்சா அது திருட்டில்லையா? நான் படியேறிப் போக முடியாதவன். அதுதான் வித்தியாசம்."

"எழுதினவன் எதைச் சாப்பிடுவான்?"

"அதுவும் சரிதான்," என்பான். சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தைத் திறப்பான். நானும் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆபீசில் கண்கொத்திப் பாம்பு, வீட்டில் கண் தெரியாதவள்.

அன்று சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும் முன்பே அவன் கூப்பிட்டான். முகம் மலர்ந்திருந்தது. பாதி முகம்தான் மலரும் அவனுக்கு.

"நீ திருத்தின நாவலை எங்க ஆளுங்க படிச்சிட்டாங்க. அந்த நீலக் குடைப் பொண்ணு வர்ற இடத்துல ஒருத்தர் அழுதே போயிட்டாராம்."

நாலு நிறம், நாலு பேர். மூலக் கோப்பைத் திருத்துவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்த ஐந்தாவது ஆளை நான் எண்ணவே இல்லை. துண்டுச் சீட்டில் எனக்கு ஒரு வரி ஒதுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"யாருக்கு அனுப்பினே?"

"ஒரே ஒருத்தருக்குத்தான். என் தங்கச்சி திருத்தினது, ஒரு பிழை கண்டுபிடிங்க பாப்போம்னு சொல்லி அனுப்பினேன். யாருக்கும் கொடுக்காதீங்கன்னும் சொன்னேன். அவர் குழுவுல போட்டுட்டார்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். கோடு என்ற பெயர் வந்ததும் அவன் முகத்தின் அந்தப் பாதியும் செத்துப்போனது. "போய்ச் சொல்லிடு," என்றான்.

"சொன்னா எனக்கு வேலை போயிடும். எந்தப் பதிப்பகத்திலும் சேத்துக்க மாட்டாங்க. அப்புறம் உன்னை யார் பாத்துக்கறது?"

"அவருக்கும் வீட்ல ஆளுங்க இருக்காங்க இல்ல? நீ சொல்ல வேண்டாம், நானே உங்க முதலாளிகிட்ட பேசறேன். தப்பு என்னோடது."

டேப்லெட் அவன் தொடைமேல்தான் இருந்தது. இடது கையால் தட்டுத்தடுமாறி எண்ணைப் போட ஆரம்பித்தான். இரண்டு இலக்கம் போட்டிருப்பான். நான் அதைப் பிடுங்கினேன். அவ்வளவு பலம் தேவைப்படவில்லை, அவன் வலது கையில் பிடிப்பே இல்லை.

"நாளைக்கு நானே சொல்றேன்," என்றேன்.

நாளை வந்தது. முதலாளி என் மேஜைக்கு வந்து, உங்களை மாதிரி ரெண்டு பேர் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் திறக்கவில்லை. அண்ணன் சாயங்காலம் தவறாமல், "சொன்னியா?" என்று கேட்டான். வியாழக்கிழமை படியிறக்க ஆளில்லாமல் டாக்டரிடம் போகாமலே இருந்துவிட்டோம். அன்று அவன் ஒன்றும் கேட்கவில்லை.

டேப்லெட் இப்போது பீரோவின் மேலே இருக்கிறது. கட்டிலில் படுத்தபடியே பார்த்தால் அதன் ஓரம் தெரியும். நான் இல்லாத நேரத்தில் யாரையாவது கூப்பிட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிடுவானோ என்று பயந்து, எண்ணையும் மாற்றிவிட்டேன். அவன் பிறந்த தேதி இப்போது அதைத் திறக்காது.