பன்னிரண்டு வீட்டு ஃபிரிட்ஜ்

எங்கள் சந்தில் பன்னிரண்டு வீடுகள், ஒரே ஒரு ஃபிரிட்ஜ். அது கடைசி வீட்டு டிரைவர் மாமாவுடையது. வீட்டில் நாலு சாமான் இருந்தால்தான் கடன் சங்கம் கடன் தரும். அதனால் சங்கத்து ஆள் யார் வீட்டைப் பார்க்க வந்தாலும், சக்கரப் பலகையில் ஏறி ஃபிரிட்ஜ் பின்வாசல் வழியாக அங்கே போய்விடும்.

அரசாங்கம் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தபோதும், யோசிக்காமல் அதையேதான் செய்தோம். எத்தனை மணிக்கு எந்த வீடு, யார் தள்ளுவது என்ற பட்டியலை நான்தான் என் டைரியில் எழுதினேன். இது எதற்கான கணக்கு என்று கேட்டிருக்க வேண்டியவளும் நான்தான்.

மானியங்களை மாற்றி அமைக்கிறார்கள், இனி வசதியில்லாதவர்களுக்கு மட்டும்தான் உதவி என்று நான் படிக்கும் மாலை வகுப்பில் பிறகுதான் சொன்னார்கள். கணக்கெடுப்பின் முப்பது கேள்விகளில் ஒரு நாட்டையே அளந்துவிட முடியும் என்பது எனக்குப் பிரமிப்பாக இருந்தது. ஃபிரிட்ஜுக்கு ஆறு மதிப்பெண். அந்த ஆறில் பன்னிரண்டு வீடுகளும் வசதியானவர்கள் பட்டியலுக்குப் போய்விட்டன. எங்கள் வீட்டில் போனது அத்தானின் இலவச சிகிச்சை அட்டை. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்யாவிட்டால் அவர் இல்லை. அட்டை வியாழனோடு முடிகிறது. அன்றுதான் நாங்கள் போட்ட மேல்முறையீட்டின் விசாரணையும்.

"ஃபிரிட்ஜே இல்லன்னு சொல்லிட்டா போதாதா?" என்றாள் அக்கா.

"ஃபோட்டோ எடுத்திருக்காங்கக்கா. பக்கத்துல நீ சிரிச்சிட்டு நிக்கிற."

"நல்லா விழுந்திருக்கேனா?"

சாட்சி என்று இருந்தது என் டைரி மட்டும்தான். அதைக் காட்டினால் விஷயம் கடன் சங்கத்துக்கும் எட்டி, மற்ற வீடுகளின் குட்டும் உடைந்துவிடும். வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டேன். தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் முதல் வாசலிலேயே மறந்துபோயின.

"ஏண்டி எழுத்துக்காரி, அன்னிக்கு நான் பலகையைக் கால்ல ஏத்திக்கிட்டேனே, அதையும் எழுதினியா?" என்றாள் இஸ்திரிக்கார அக்கா.

"எழுதியிருக்கேன்."

"அப்ப தாராளமா கொண்டு போ."

டிரைவர் மாமா மட்டும் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அதிகாரி கடன் சங்கத்துக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, என் டைரியை இரண்டு முறை புரட்டினார். "இது நீங்களே எழுதினதும்மா. நேத்துகூட எழுதியிருக்கலாமே?"

அவர் கேட்டது நியாயம்தான். அக்கா என் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

அப்போது வெளியே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எங்கள் சந்தில் எல்லாருக்கும் தெரியும்.

வரிசையில் நின்றவர்கள் விலக, ஃபிரிட்ஜ் உள்ளே வந்தது. டிரைவர் மாமா பின்பக்கமாக நடந்தபடி, பஸ்ஸுக்குக் கை காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டு வந்தார். "வரலாம், வரலாம்... லெஃப்ட்ல ஒடி... போதும்!" மேம்பாலம் ஏறி, சந்தையைக் கடந்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பதினொரு வீட்டு ஆட்கள். ஒருவர் முகத்திலும் வெட்கம் இல்லை.

"சார், எங்க சந்து ஃபோட்டோ பன்னிரண்டையும் எடுங்க. கதவுல இந்த நசுங்கல் இருக்கான்னு பாருங்க," என்றாள் இஸ்திரிக்கார அக்கா.

அவர் ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்தார். பன்னிரண்டு சமையலறை, பன்னிரண்டு சிரிப்பு, ஒரே நசுங்கல்.

"இது ஓடுதா?"

டிரைவர் மாமா கதவைத் திறந்தார். உள்ளே மடித்து வைத்த காக்கிச் சட்டைகள். "கம்ப்ரசர் போயி ஒன்பது வருஷமாச்சு சார். துணியை எலி கடிக்காது."

"கடன் சங்கத்துக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"தவணை தவறாம கட்டுறோம். வந்து கேக்கட்டும்," என்றார் டிரைவர் மாமா.

அதிகாரி எழுந்து நின்றார். நின்றபடியே அக்காவின் மனுவில் கையெழுத்துப் போட்டார். "மத்த வீட்டுக்கு அடுத்த வாரம் மறுபடி கணக்கெடுப்பு. உங்க வீட்டுக்காரரை நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கம்மா."

அக்கா அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், அந்த ஃபோட்டோ ஒரு காப்பி கிடைக்குமா?" என்றாள்.

மாலை வகுப்பில் பாடம் எதுவும் காதில் விழவில்லை. டைரியைத் திறந்து, பட்டியலில் பதின்மூன்றாவது வரியைச் சேர்த்தேன்: காலை 11.20, அரசு அலுவலகம். தள்ளியவர்கள்: எல்லாரும்.