கிளாப் அடிக்காத படம்

1967 கோடையில், ஹிப்பிகள் குவிந்திருந்த ஹெய்ட் தெருவில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை நாங்களே படம் எடுத்தோம். பிள்ளைகள் என்றால், பெற்றவர்களோடு ஒத்துப்போகாமல் ஓடிவந்து எங்களோடு தங்கியவர்கள். காமிரா என் தோளில். காட்சிக்குக் காட்சி கிளாப் அடித்தால்தான் பிற்பாடு படத்தையும் ஒலிநாடாவையும் சேர்க்க முடியும். அது அதிகாரம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்று கூடிப் பேசி முடிவெடுத்தோம். அப்படியொரு மேதாவிக் கூட்டம். வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். இரண்டே தடவை திரையிட்டுவிட்டுப் பெட்டியில் போட்டோம்.

இந்த வருஷம் நெப்ராஸ்காவிலிருந்து வெண்டல் என்பவர் எழுதினார். தங்கை லினெட் அதில் இருக்கிறாளாம், பார்க்க வேண்டுமாம். மூன்று வாரம் அவள் உதட்டையே பார்த்துப் பார்த்து, அவள் பேசும் ஒரு நிமிஷத்துக்குக் குரலைப் பொருத்தினேன்.

வந்தவருக்கு எழுபத்தெட்டு வயது. காப்பியைத் தொடவில்லை.

"அவளக் கூட்டிட்டுப் போக அந்த ஜூலைல வந்தேங்க," என்றார். "வாசல்ல ஒரு பொண்ணு, அப்படி யாரும் இங்க இல்லைன்னுடுச்சு. மாடில சிரிப்புச் சத்தம். லினெட்தான். என்னைப் பாக்க மாட்டேன்னு அவளே சொல்லியனுப்பினாளா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

சொந்தக்காரர்கள் யார் தேடி வந்தாலும் 'இல்லை' என்பது எங்கள் வீட்டு வழக்கம். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்கக்கூட மாட்டோம். அந்த மாதம் வாசல் முறை என்னுடையது.

படத்தைப் போட்டேன். ஆகஸ்டில் எடுத்தது. படிக்கட்டில் லினெட், காலில் செருப்பில்லாமல்.

"யாரும் என்னைத் தேடி வரல," என்கிறாள். "எங்கண்ணன் வந்து வாடின்னா இந்த நிமிஷமே கிளம்பிடுவேன். அந்தத் தடியன் எங்க வரப்போறான்."

எடுத்தபோது காமிரா இரைச்சலில் இது என் காதில் விழவேயில்லை. அந்தக் குளிர்காலமே நிமோனியா வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வெண்டல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் வந்தத யாரும் அவகிட்ட சொல்லலையா?"

"சொல்லல," என்றேன். "வாசல்ல நின்னது நான்தாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அவ மேல அவ்வளவு கோவம் எனக்கு," என்றார். "ஊருக்குக் கொண்டாந்துதான் புதைச்சாங்க. ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன். போகல."