உறை போட்ட கணினிகளும் ஒரு கூட்டல் கணக்கும்

1

இந்தக் கதையை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து திருடினேன். பொருளுக்குச் சொந்தக்காரி எதிரே உட்கார்ந்திருக்கிறாள்: என் தங்கை, பள்ளியில் கணினி ஆசிரியை. அவள் முன்னால் ஒரு மதிப்பெண் பட்டியல், மூடி கழற்றாத சிவப்புப் பேனா. நாளைக் காலை முதல் மணிக்குள் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். ஞாயிறு மதியம் முழுக்க அவள் அதைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்த்து எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "கணினி அறை ஜன்னலின் மென்காற்று அவள் கூந்தலைக் கலைத்தபோது..."

அடித்துவிட்டேன். இருபத்தெட்டுக் குடும்ப நாவல் எழுதிய கை, பழக்க தோஷம். அந்த அறையில் ஜன்னலே திறப்பதில்லை. தூசி வருமாம்.

இரண்டாவது: அந்தப் பள்ளியில் இருபது கணினிகள். இருபதுக்கும் அளவெடுத்துத் தைத்த பூப்போட்ட உறைகள். பிள்ளைகள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே போவார்கள், உறைகளைத் தரிசிப்பார்கள், வகுப்புக்குத் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்து நிரல் எழுதுவார்கள். அதைக் கணினியில் ஓட்டினால் என்ன விடை வரும் என்பதும் பலகையிலேயே இருக்கும். செய்முறைப் பதிவேட்டில் அந்த விடையைப் பென்சிலால் கட்டம் கட்டி எழுத வேண்டும். கட்டம் கோணாமல் இருந்தால் 'மிக நன்று'.*

* மிகைப்படுத்துகிறேன் என்பவர்களுக்கு: செய்முறைத் தேர்வும் தாளில்தான். சமையல் போட்டிக்குப் படம் வரைந்து அனுப்புவதைப் போல.

3

அந்தப் பதிவேட்டின் பதினேழாம் பக்க நிரல், ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டச் சொல்வது. விடை ஐம்பத்தைந்து என்று ஆறு வருடமாகப் பதிவேடுகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் கணினி மொழியில், எந்த எண் வரை என்று எழுதுகிறோமோ அதற்கு முன் எண்ணிலேயே கூட்டல் நின்றுவிடும். பதினொன்று என்று எழுதியிருக்க வேண்டும், பத்து என்று எழுதிவிட்டார்கள்.

(எழுதிவிட்டார்கள் அல்ல. எழுதிவிட்டாள். என் தங்கை. ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல்.)

நாற்பது பிள்ளைகள் தேர்வில் ஐம்பத்தைந்து எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். மூன்றாம் பெஞ்சுப் பெண் மட்டும் வேறு எண் எழுதினாள். "சித்தி போன்ல போட்டுப் பார்த்தேன் மிஸ். இதுதான் வந்துச்சு." விடைக்குறிப்பின்படி தவறு. ஐந்து மதிப்பெண் போயிற்று. அந்த ஐந்தால்தான் அடுத்த வருடம் கணினிப் பிரிவில் அவளுக்கு இடமில்லை.

4

தலைமையாசிரியை அறையில் நடந்ததைத் தங்கை சொன்னபடியே எழுதுகிறேன்.

"நாப்பது பேர் ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தி வேற சொல்றா. யாரை நம்பறது மிஸ்?"

"உறையை எடுத்துட்டு ஓட்டிப் பார்த்துடலாங்க மேடம்."

"அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றாங்க. இப்பத்தான் துவைச்சுப் போட்டிருக்கு. அதுவுமில்லாம, நாப்பது பேருக்குக் குறைக்கணும், ஒருத்திக்குக் கூட்டணும். இல்லேன்னா இப்படியே விட்டுடலாம். எது சுலபம், நீங்களே சொல்லுங்க."

இந்த அம்மாளை இன்னும் கொஞ்சம் மனிதத்தன்மையோடு எழுதலாமா என்று யோசித்தேன். யோசித்துப் பார்த்து...

வேண்டாம். தகுதியில்லை.

5

முடிவுகள்.

(அ) உயரமான இயற்பியல் ஆசிரியர் உண்மையைக் கண்டுபிடித்து என் தங்கைக்காக வாதாடுகிறார். மழை பெய்கிறது.

வாசித்துக் காட்டினேன். "அக்கா, எங்க பிசிக்ஸ் சாருக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. அவரு வந்து என்னைக் காப்பாத்தறாரா?"

(ஆ) பட்டியலில் அப்படியே கையெழுத்திடுகிறாள். அந்தப் பெண் வேறு பிரிவில் சேர்கிறாள். அடுத்த வருடமும் பலகையில் ஐம்பத்தைந்து.

"இதை எழுதினே, உங்கூடப் பேசமாட்டேன்."

"நீ செய்யப் போறதில்லைன்னா உனக்கு ஏன்டி கோபம் வருது?"

பேனாவை உருட்டினாள்.

(இ) 'ஆறு வருடமாக நான் கற்றுக்கொடுத்தது தவறு' என்று பட்டியலின் கீழே எழுதிக் கையெழுத்திடுகிறாள்.

"நான் இன்னும் ஒத்துக்கலையே அக்கா. நீ அச்சுல போட்டுட்டா நான் செஞ்சாகணும்."

"அதுக்காகத்தான் எழுதறேன்."

"அப்ப எழுதாதே. நானா செஞ்சாத்தான் அது கணக்கு."

6

ஆகவே (இ)யை அடித்துவிட்டேன். (ஆ)வை எழுத மனம் வரவில்லை. (அ)வுக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மிச்சம் உங்கள் பொறுப்பு. அந்தப் பெண் எழுதிய எண்ணை நான் இதுவரை சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டுங்கள். கணினி வேண்டாம், உறை கசங்கிவிடும், விரல் போதும். வந்ததை வாய்விட்டே சொல்லுங்கள், எதிரே இருப்பவளுக்குக் கேட்கட்டும்.

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டாள்.