பக்கக் கண்ணாடியில் தங்கை

அந்தப் பொதுக் கலைக்கூடத்தில் ஒரு விதி உண்டு. தன் படத்தைத் தன் கையால் மாட்டக் கூடாது. மாதத்துக்கு ஒருவர் என்று கூடத்தின் சுவர்கள் கைமாறும். போன மாதத்துக்காரர் தன்னுடையதை இறக்கி, ஆணித் துளைகளை அடைத்து, அடைத்த இடத்தில் வெள்ளை பூசி, அடுத்தவருடைய படங்களைப் பிரித்து மாட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். அடுத்தவரோ, திறப்பு நாள் மாலை வரைக்கும் உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது.

விதி வந்த கதை வேடிக்கையானது. முன்பு ஒரு ஓவியர் எந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்ய முடியாமல் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டே இருந்தாராம். திறப்புக்கு ஆட்கள் வந்து நின்ற பிறகும் ஏணியை விட்டு இறங்கவில்லையாம். வந்தவர்களுக்கு மேலேயிருந்தே கும்பிடு போட்டாராம். கூடத்தின் நிர்வாகி ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் இன்னும் விசில் தொங்கும், ஊருக்கே அவர் விசில் டீச்சர். அன்று ஊதிய விசிலோடு இந்த விதி அமலுக்கு வந்தது. இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்: மாட்டியதை மாதம் முடியும்வரை யாரும் நகர்த்தக் கூடாது. பெற்றவர் வந்து அழுதாலும் சரி.

இந்த மாதம் டிரைவரம்மாவின் முறை.

டிரைவரம்மா டவுன் பஸ் ஓட்டுகிறவர். நல்ல அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். கடைசி நிறுத்தத்தில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும்போது மற்ற டிரைவர்கள் டீயும் ஊர்வம்புமாக நேரத்தைப் போக்குவார்கள். இவர் ஸ்டியரிங்கின் மேல் ஒரு அட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு எதையாவது வரைவார். உதிரி பாகங்கள் வந்த பெட்டிகளைக் கிழித்தெடுத்த அட்டைகள்தான். வண்டிக்குள் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பயணிகளின் முகங்கள் தெரியும் அல்லவா, அவற்றைத்தான் வரைவார். அதெல்லாம் கை அரிப்புக்குக் கிறுக்குவது. படம் என்றால் அவரைப் பொறுத்தவரை வேறு. விடுமுறை நாட்களில் வீட்டில் உட்கார்ந்து, நல்ல வண்ணத்தில், நல்ல துணியில் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்த அருவிகள், அன்னங்கள், பனிமலைகள். இவற்றில் ஒன்றையும் அவர் நேரில் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

கூடத்தில் இடம் கேட்டு விண்ணப்பித்தது பேருக்காகவும் இல்லை, புகழுக்காகவும் இல்லை. தங்கைக்காக.

தங்கை அவரோடு பேசி வருடக்கணக்காகிறது. இத்தனைக்கும் வாரத்தில் ஆறு நாள் அவருடைய பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். அந்த வழியில் அந்த நேரத்துக்கு வேறு பஸ் கிடையாது. கோபத்துக்காக நடந்து போகிற அளவுக்குத் தங்கை முட்டாளும் கிடையாது. பின் கதவு வழியாக ஏறுவாள், கடைசி இருக்கையில் உட்காருவாள், ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவாள், பின் கதவு வழியாகவே இறங்கிப் போவாள். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் கிடந்து விடிய விடிய வாயாடியவள் இப்போது டிக்கெட் கேட்கிற குரலைக்கூடத் தாழ்த்திக்கொள்கிறாள்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு மழைக் காலை. தங்கை எப்போதும் கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவள். டிரைவரம்மாவும் அவளுக்காகக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி, இருக்கையைச் சரிசெய்கிற மாதிரி பாவலா காட்டி வண்டியை நிறுத்தி வைப்பார். "என்ன, சொந்த பஸ்ஸா?" என்று பயணிகள் முணுமுணுத்தார்கள். ஒருவர் டிப்போவில் போய்ப் புகாரே கொடுத்துவிட்டார். டிப்போவில் வாங்கிக் கட்டிக்கொண்ட மறுநாள்தான் அந்த மழை. வண்டி கிளம்பிவிட்டது. வெளியே இருக்கிற பக்கக் கண்ணாடியில் தங்கை ஓடி வருவது தெரிந்தது. குடை காற்றில் திருப்பிக்கொண்டிருந்தது. கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறாள். டிரைவரம்மாவுக்கு முதல் நாள் வாங்கிய திட்டெல்லாம் தலைக்கேறியது. ஒரு நாளாவது பாடம் படிக்கட்டும் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

அன்றைக்குத் தங்கைக்கு ஒரு பெரிய கம்பெனியில் நேர்காணல். கிடைத்த பிறகு சொல்லி அக்காவைத் திகைக்க வைக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். போய்ச் சேருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். சாயங்காலம் வந்து கேட்டாள்: "நான் அவ்ளோ கத்தினேனே, நீ பாக்கலையா?"

நேர்காணல் விஷயத்தையும் அப்போதுதான் சொன்னாள். டிரைவரம்மாவின் வாயில் வந்தது பொய். "கண்ணாடி பூரா மழைத் தண்ணி. சத்தியமா பாக்கலடி."

தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போனாள். அதோடு சரி. பிறகு அவளுக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது, வாழ்க்கை ஓடியது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் கதவு திறக்காது. சமாதானத்துக்குப் போன டிரைவரம்மாவின் வீட்டுக்காரரை உட்கார வைத்து உபசரித்து, அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காமல் வழியனுப்பி வைத்தாள். அவளுக்குப் படங்கள் என்றால் உயிர். கண்காட்சி என்றால் வந்துதான் தீருவாள், வந்தால் ஒரு வார்த்தையாவது பேசாமலா போய்விடுவாள் என்பது டிரைவரம்மாவின் கணக்கு. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அதை நம்பியிருந்தார். அழைப்பு அட்டையை வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டாளாம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

படங்களைக் கட்டி அனுப்பியதும் வீட்டுக்காரர்தான். கூரியர் ஆபீஸில் வேலை, பொட்டலம் கட்டுவதில் மன்னன். சட்டங்கள் ஒன்றோடொன்று உரசிக் கண்ணாடி கீறக் கூடாதே என்று, வீட்டில் மூட்டையாகக் கிடந்த பஸ் அட்டைகளை எடுத்து ஒவ்வொரு சட்டத்துக்கும் நடுவே சொருகி இறுக்கிக் கட்டினார். "ஊரையே சுத்தி வந்தாலும் ஒரு கீறல் விழாது பாரு" என்று தட்டியும் காட்டினார். கீறல் விழவில்லைதான்.

திறப்பு நாள் மாலை விசில் டீச்சர் ஒரு ஊது ஊதிக் கதவைத் திறந்தார். புதுப் புடவையில் டிரைவரம்மா உள்ளே காலெடுத்து வைத்தார்.

அருவியைக் காணோம். அன்னத்தைக் காணோம். நான்கு சுவரிலும் அட்டை. கிழித்த பெட்டி அட்டைகள், ஓரம் பிசிறிக்கொண்டு, சிலவற்றில் உதிரி பாகக் கம்பெனியின் முத்திரை பாதி தெரிய, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெளிச்சம் போட்டு, அழகாக, வரிசையாக மாட்டியிருந்தது. தூங்கி வழிகிற காவலாளி, பையை மடியில் கட்டிப்பிடித்திருக்கிற கணக்குப்பிள்ளை, கொட்டாவி விடுகிற நர்ஸ். வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார் டிரைவரம்மா.

போன மாதத்துக்காரர் கல்யாண போட்டோகிராபர். "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிச் சொல்லியே "சிரிங்க" என்று பெயர் வாங்கியவர். அவர் பெருமையோடு முன்னால் வந்தார். "எப்படிங்க டிரைவரம்மா? ராப்பகலா வேலை பாத்தேன்."

"என் படமெல்லாம் எங்கங்க?"

"இதோ, மாட்டியிருக்கேனே."

"இது இல்லங்க. சட்டம் போட்டது. அருவி, அன்னம்..."

சிரிங்கவின் முகத்தில் சிரிப்பு கழன்றது. "அது நீங்க வரைஞ்சதா? எங்க தொழில்ல பெரிய படம் அனுப்பறப்ப மடங்காம இருக்க, முன்னால ஒரு பழைய சட்டம் பின்னால ஒரு பழைய சட்டம் வச்சுத்தான் கட்டுவோம். பிரிச்சா சட்டத்தை ஓரமா வச்சுட்டு நடுவுல இருக்கறதைத்தான் எடுப்போம். நான் அப்படின்னு..."

"அருவி வரைஞ்சிருக்குன்னு கூடவா பாக்கல?"

"பாத்தேன். கடையில சட்டம் வாங்கினா கூடவே ஒரு படம் வருமே, அதுன்னு நினைச்சேன்."

டிரைவரம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அருவிகளெல்லாம் மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன. வீட்டுக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால் தன் உடம்பைப் பொட்டலம் கட்டிக்கொள்ள முயன்றார். டிரைவரம்மா அவரைத் தேடித் திரும்பிய போதுதான் வாசலுக்கு எதிர்ச் சுவர் கண்ணில் பட்டது. வருகிறவர்கள் முதலில் பார்க்கிற இடம். சிரிங்க தன் கணக்குக்கு இருப்பதிலேயே நல்ல படத்தை அங்கே மாட்டியிருந்தார்.

நெட்டையான ஒரு அட்டை. அதில் நெட்டையான பக்கக் கண்ணாடி. கண்ணாடியில் மழைத்துளிகள். துளிகளுக்கு நடுவே ஒருத்தி ஓடி வருகிறாள். திருப்பிக்கொண்ட குடை ஒரு கையில், இன்னொரு கை மேலே தூக்கி ஆட்டியபடி, கக்கத்தில் ஒரு கோப்பு, திறந்த வாய். எந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சத்தியம் செய்தாரோ அந்தக் கண்ணுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. அந்த வாரமே, தூக்கம் வராமல் தவித்த நாட்களில், கடைசி நிறுத்தத்தில் உட்கார்ந்து வரைந்தது அது. வரைந்து முடித்து மூட்டைக்கு அடியில் தள்ளியவர் பிறகு அதை எடுத்துப் பார்த்ததே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது என்று இருந்தவர் விசில் டீச்சரிடம் ஓடினார்.

"டீச்சர், அந்த ஒண்ணை மட்டும் கழட்டிடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"மாட்டினா மாட்டினதுதான்மா."

"உங்களுக்குத் தெரியாது டீச்சர், என் தங்கச்சி வந்தா..."

"யார் வந்தா என்ன? உங்களுக்காக நகத்தினா நாளைக்கு எல்லாரும் ஏணியைத் தூக்கிட்டு வருவாங்க." விசில் டீச்சரின் கை விசிலுக்குப் போயிற்று.

கூட்டம் வரத் தொடங்கியது. வந்தவர்களில் பாதிப்பேர் பஸ் பயணிகள். காவலாளி தன் படத்தைக் கண்டுபிடித்து, "என் வாய் இவ்வளவு பெருசா திறக்குமா?" என்று மனைவியைக் கேட்டார். "இது கம்மி" என்றாள் அவள். பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறொரு நேரமாக இருந்தால் டிரைவரம்மாவும் சிரித்திருப்பார். இப்போது அவர் எதிர்ச் சுவருக்குப் போய், அந்த நெட்டை அட்டைக்கு முன்னால், சுவரோடு சுவராக முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். கடவுள் கொடுத்த அகலம் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. அட்டையின் மேல் நுனிகூட வெளியே தெரியவில்லை.

அப்போதுதான் தங்கை வந்தாள்.

மருந்துக்கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், தோளில் பை. அக்காவைப் பார்த்தாள், பார்க்காதது போல் இடது பக்கச் சுவருக்குத் திரும்பினாள். ஒவ்வொரு அட்டைக்கு முன்னாலும் நின்று நின்று நகர்ந்தாள். மூன்றாவது அட்டையில் கடைசி இருக்கையில் ஜன்னலைப் பார்க்கிற ஒருத்தி. கொஞ்சம் தள்ளி அதே ஒருத்தி, தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துத் தூங்குகிறாள். அப்புறம் காய்ச்சலோடு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு. அப்புறம் புது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு. அப்புறம் முதல் நரைமுடி. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவளை, இத்தனை காலமும் தலைக்கு மேலிருந்த கண்ணாடி பார்த்துக்கொண்டே வந்திருந்தது. தங்கை கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இதோடு போதும் கடவுளே என்று நினைத்தார் டிரைவரம்மா. இதைப் பார்த்தே மனம் இளகிவிட்டாள், இப்படியே வலது பக்கச் சுவருக்குப் போய்விட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். முதுகை இன்னும் அழுத்திக்கொண்டார்.

தங்கை நேரே வந்து அவர் எதிரில் நின்றாள். தலையைச் சாய்த்து ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் பார்த்தாள்.

"நகரு" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை. ஒரு வார்த்தைக்காக ஏங்கியவருக்கு வார்த்தை கிடைத்துவிட்டது.

நகராமலே இருந்திருக்கலாம். முதுகு வலி என்று சொல்லியிருக்கலாம், மயக்கம் என்று சாய்ந்திருக்கலாம், பொய்க்கா பஞ்சம்? ஆனால் பொய்யை மறைத்து வாங்குகிற சமாதானம் எத்தனை நாளைக்கு என்று அவருக்கே சலித்துவிட்டது. டிரைவரம்மா பக்கத்தில் நகர்ந்து நின்றார்.

தங்கை அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். மழைத்துளி, குடை, கோப்பு, வாய்.

"பாத்திருக்க" என்றாள்.

"பாத்தேன்."

"சத்தியம் பண்ணின."

"பண்ணினேன். பொய்ச் சத்தியம்." டிரைவரம்மாவின் அகலமான குரல் எங்கேயோ போய்விட்டது. "முந்தின நாள் டிப்போல உன்னால திட்டு வாங்கினேன். அந்தக் கோவம். ஒரு நாளாவது ஓடி ஓடி நிக்கட்டும்னு வேணும்னேதான் மிதிச்சேன். உனக்கு இன்டர்வியூன்னு தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா ரிவர்ஸே எடுத்திருப்பேன்."

"நீ பாத்தேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உன் கண்ணு கண்ணாடியில என்னைப் பாத்துச்சு, நானும் பாத்தேன்." தங்கை படத்தை விட்டு அக்கா பக்கம் திரும்பினாள். "வேலை போனதுக்கா நான் பேசாம இருந்தேன்? போனா போகுது அந்த வேலை. கோவத்துல போயிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே உன் தலையில நாலு குட்டு குட்டிட்டு மறந்திருப்பேன். என் மூஞ்சியப் பாத்து பாக்கலன்னியே."

"தப்புதான்டி. பயந்துட்டேன். நீ விட்டுட்டுப் போயிடுவேன்னு பயந்துட்டேன்."

"அதனால போக வச்சியாக்கும்." தங்கை அழுகையும் எரிச்சலுமாகக் கண்களைத் துடைத்தாள். பிறகு திரும்பவும் படத்தைப் பார்த்தாள். "என் கால் என்ன இவ்ளோ நீளமாவா இருக்கு?"

"ஓடறப்ப நீளமாத்தான் தெரிஞ்சுது."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கு வழியாக வந்தது. தூணுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரரின் தலை மெல்ல வெளியே வந்தது.

அதற்குள் படத்துக்கு முன்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பெண்கள், ஒரு கிழவர், விளக்கம் சொல்லத் தயாராகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சிரிங்க. கிழவர் அட்டைக்கு மிக அருகே கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பாவம், யாரு இந்தப் பொண்ணு? இப்படி ஓடுது."

சிரிங்க வாயைத் திறக்குமுன் தங்கை குறுக்கே போய் நின்றாள். பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான்தான். கொட்டற மழை, கையில குடை நிக்கல, தொண்டை கிழியக் கத்தறேன்."

"பஸ்ஸு நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? எனக்கே நிக்கல." தங்கை கையை நீட்டி, சுவரோரமாக முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்த டிரைவரம்மாவைக் காட்டினாள். "ஓட்டினது யாருன்னு கேளுங்க. எங்கக்கா."